அப்பாவின் திங்கட்கிழமை வியாதி

மற்ற வீடுகளில் காய்ச்சலும் தலைவலியும் நினைத்த நாளில் வந்து போகும். எங்கள் அப்பாவுக்கு மட்டும் மூச்சுமுட்டல் கிழமை பார்த்து வந்தது. திங்கட்கிழமை விடியற்காலையில் முதல் ஷிஃப்டுக்கு நன்றாகத்தான் சைக்கிள் மிதித்துப் போவார். மத்தியானம் திரும்பும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவார். வாசலில் அதைச் சாய்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்துக்கொள்வார். தோள்பட்டை ஏறி ஏறி இறங்கும். நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது என்பார். செவ்வாய்க்கிழமை கொஞ்சம் தேவலை. புதன்கிழமை வெறும் இருமல். வியாழக்கிழமை வந்துவிட்டால் பழைய ஆள். சனிக்கிழமை சாயங்காலம் என்னைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துத் தெருவெல்லாம் சுற்றுவார். அப்புறம் மறுபடியும் திங்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நான் ஆறாம் வகுப்புப் படிக்கிற பெண். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் அப்பாவுக்கு கார்டிங்கில் வேலை. பெரிய பெரிய பொதியில் இருந்து உடைத்த பஞ்சைச் சீவித் தூசி தட்டித் திரியாக்குகிற இடத்துக்கு அந்தப் பெயர். அங்கே தட்டிய தூசியில் பாதி அப்பாவோடு வீட்டுக்கு வரும். புருவத்திலும் காதுமடலிலும் வெள்ளைவெள்ளையாக ஒட்டியிருக்கும். நாடகத்துக்குக் கிழவர் வேஷம் போட்டவர் பாதியில் எழுந்து வந்ததுபோல இருப்பார். அந்தப் பஞ்சை ஊதிப் பறக்கவிடுவது எனக்கு விளையாட்டாக இருந்தது.

ஆனால் திங்கட்கிழமைகளில் விளையாட்டு கிடையாது. பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது மில்லின் இரண்டு மணிச் சங்கு கேட்கும். இந்நேரம் கேட்டைத் தாண்டியிருப்பார், இந்நேரம் பாலத்தை ஏறிக்கொண்டிருப்பார் என்று மனசு அவர் பின்னாலேயே போகும். பள்ளி விட்டதும் ஓடி வந்து, வாசலில் நின்று முதலில் காது கொடுப்பேன். அப்பாவின் மூச்சில் விசில் மாதிரி ஒரு சத்தம் வரும். அது கேட்டால் பயம். கேட்காவிட்டால் அதைவிடப் பயம்.

அம்மா முதலில் சந்தேகப்பட்டது சாராயத்தை. மில்லில் கூட வேலை பார்த்தவர்களே அப்படித்தான் கேலி பண்ணினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊற்றிக்கொள்கிறவனுக்குத் திங்கட்கிழமை வேறு எப்படி இருக்கும் என்றார்கள். அப்பாவோ பீடிகூடத் தொடாதவர். இருந்தாலும் அம்மாவுக்கு ஒரு கணக்கு இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பா ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிற அவருடைய அக்கா வீட்டுக்குப் போய்விடுவார். போகிற வழியில் என்ன நடக்கிறது என்று யார் கண்டது. அதனால் நான் அப்பாவுடன் அனுப்பப்பட்டேன். அத்தை வீட்டில் நன்றாகச் சாப்பிட்டு வா என்றுதான் அம்மா சொன்னாள். திரும்பி வந்ததும் எங்கே இறங்கினீர்கள், யாரைப் பார்த்தீர்கள், அப்பா தனியாக எங்காவது போனாரா என்று துருவித் துருவிக் கேட்டதில்தான் நான் எதற்குப் போகிறேன் என்பது எனக்கே தெரிந்தது.

அத்தைக்குப் பிள்ளை இல்லை. அப்பாவைச் சின்ன வயதில் வளர்த்தது அவள்தான். மாமா சைக்கிள் கடை வைத்திருந்தார். மில்லை விட்டுவிட்டு இங்கே வந்து கடையில் உட்காரச் சொல்லி, அத்தை ஒவ்வொரு ஞாயிறும் அப்பாவிடம் ஒரு தடவையாவது சொல்லுவாள். அவர் சிரித்து மழுப்பிவிடுவார்.

மம்சாபுரத்தில் மாமாவுக்குத் தெரிந்தவர் தோட்டம் ஒன்று இருந்தது. அப்பா அங்கே போய்க் கிணற்றில் குதிப்பார். குதித்தால் சீக்கிரம் மேலே வரமாட்டார். தண்ணீர் அடங்கிப்போய் என் முகம் அதில் தெரியத் தொடங்கிவிடும். நான் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்ப்பேன். அழலாமா வேண்டாமா என்று நிற்கும்போது எதிர்மூலையில் தலை எழும்பும். நாளைக்கு இரண்டடி நடக்க மூச்சு வாங்குகிற மனுஷர் இன்றைக்குத் தண்ணீருக்கடியில் இவ்வளவு நேரம் எப்படி இருக்கிறார் என்று எனக்குக் குழப்பமாக இருக்கும். பெரியவர்களும் அதைக் கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை.

நான் பார்த்ததை அப்படியே அம்மாவிடம் ஒப்பித்தேன். சாராயம் இல்லை என்று உறுதியானது. அம்மாவுக்கு அதில் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த வாரம் அப்பா சாப்பிட்டுக்கொண்டே, அக்கா சுக்கும் மிளகும் தட்டிப்போட்டுக் கஷாயம் கொடுத்தது, நெஞ்சு லேசாக இருந்தது என்று சொன்னார். அம்மா பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் வீட்டில் ஒரு புதுச் சொல் நடமாடத் தொடங்கியது. மருந்து. வைத்தியர் கொடுக்கிற மருந்து இல்லை. ஒருவர் மனசைத் திருப்புவதற்காகச் சோற்றிலோ குடிக்கிறதிலோ கலந்து வைப்பதாகச் சொல்லப்படுகிற மருந்து. பக்கத்து வீட்டுக்காரம்மா வீட்டுக்குள் தெலுங்கும் வெளியே தமிழும் பேசுவார். இந்த விஷயத்தை அவர் இரண்டிலும் ரகசியமாகப் பேசினார். தம்பியைத் தன்னோடு வைத்துக்கொள்ள ஆசைப்பட்டு அக்காக்காரி வைத்திருப்பாள், அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு மேலே மூச்சை அடைக்கும் என்றார். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டால் திங்கட்கிழமை வேலை செய்யும் என்பதில் கணக்குச் சரியாக இருந்தது. அம்மா அப்படியே பிடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பயணம் நின்றது. அப்பா வீட்டிலேயே இருந்தார். அப்படியும் திங்கட்கிழமை மூச்சு முட்டியது. பழைய மருந்து உள்ளே இருக்கிறது என்றாள் அம்மா. எனக்கு அத்தையின் முகம் நினைவுக்கு வரும். எனக்கும்தானே அவள் ஊட்டியிருக்கிறாள் என்று நினைப்பேன். யாருக்கும் தெரியாமல் கொல்லைப்புறம் போய் இழுத்து இழுத்து மூச்சுவிட்டுப் பார்ப்பேன்.

கடைசியில் வீட்டில் சண்டை இல்லாமல் இருந்தால் போதும் என்று அப்பா சம்மதித்தார். மருந்து எடுக்கிறவர் ஒருவரிடம் போனோம். அவர் ஏதோ பச்சிலைச் சாற்றைக் கொடுத்தார். அப்பா குனிந்து கண்ணில் நீர் வழிய வாந்தி எடுத்தார். அந்த ஆள் குச்சியால் கிளறி, கறுப்பாக ஒரு உருண்டையை எடுத்துக் காட்டினார். அதில் ஒரு மயிர் ஒட்டியிருந்தது. அம்மா அதை வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தாள். அத்தையுடையதுபோல நரைத்த மயிரா கறுத்த மயிரா என்று பார்க்கிறாள் என்பது எனக்கே விளங்கியது. அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பொங்கலுக்குச் சேர்ந்தாற்போல் மில்லுக்கு லீவு விட்டார்கள். அந்த நாட்களில் அப்பா அவ்வளவு நன்றாக இருந்தார். இருமல்கூட இல்லை. வீட்டுக்கு வெள்ளையடித்தார். என்னோடு ஓடிப் பிடித்து விளையாடினார். அம்மா தெருவில் எல்லாரிடமும் சொன்னாள். மருந்து வெளியே வந்துவிட்டது, இனி பயமில்லை என்று. அந்தப் பேச்சு பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போய்விட்டது என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டோம். பொங்கல் கழிந்ததும் எங்களைப் பார்க்க வருகிற அத்தை அந்த வருஷம் வரவில்லை.

லீவு முடிந்து அப்பா வேலைக்குப் போன அன்று சங்கு ஊதுவதற்கு முன்பே அவரைக் கொண்டுவந்துவிட்டார்கள். கூட வேலை பார்க்கிறவர்கள் இருவர், சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தார்கள். உதடு நாவல்பழம் தின்றதுபோல நீலமாக இருந்தது. பேச முடியவில்லை. பள்ளியிலிருந்து என்னைக் கூட்டிவர ஆள் வந்தபோது நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

அப்பா விரலால் அம்மாவைக் கிட்டே அழைத்து, “அக்காவுக்குச் சொல்லி விடு” என்றார். அவ்வளவுதான் அவரால் சொல்ல முடிந்தது.

அம்மா பக்கத்து மளிகைக் கடைக்குப் போய் மாமா கடைக்குப் போன் பண்ணச் சொன்னாள். அத்தை வாடகைக் காரில் வந்து இறங்கினாள். வீட்டுக்குள் வரவில்லை. வாசலில் நின்றபடியே, “தூக்கி உள்ள உக்கார வைங்க. எங்க தெருவுக்குப் பக்கத்துல ஒரு டாக்டரம்மா வந்துருக்காங்க. கைராசின்னு சொல்லுதாங்க” என்றாள்.

காரில் அப்பாவை முன்னால் உட்காரவைத்தார்கள். பின்னால் அம்மா ஒரு ஜன்னல், அத்தை ஒரு ஜன்னல், நடுவில் நான். வழி முழுக்க இரண்டு பேரும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள். அப்பாவின் மூச்சு கிழிந்த துணியைக் காற்று அடிக்கிறமாதிரி கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் நிற்கிற ஒவ்வொரு தடவையும் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் என் தொடையைப் பிடித்து அழுத்தினார்கள்.

டாக்டரம்மாவுக்கு வயது அதிகமில்லை. ஊசி போட்டு, ஏதோ புகையை மூக்கருகே பிடிக்கவைத்து, அப்பா கொஞ்சம் நிதானத்துக்கு வந்த பிறகுதான் எங்களை உள்ளே கூப்பிட்டார். அதுவரை எங்களிடம் யாரும் கேட்காததை அவர் கேட்டார்.

“இது என்னைக்கு என்னைக்கு வருது?”

“திங்கக்கிழமைதான் டாக்டரம்மா” என்றாள் அம்மா. “மத்த நாள் நல்லா இருப்பாவ.”

“ஞாயித்துக்கிழமை லீவா?”

“ஆமா.”

“இப்ப பொங்கலுக்கு லீவு விட்டு, இன்னைக்குத்தான் வேலைக்குப் போனாரா?”

அம்மா தலையசைத்தாள். டாக்டரம்மா அப்பாவிடம் எந்த டிபார்ட்மெண்ட் என்று கேட்டார். கார்டிங் என்றார் அப்பா. டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டார்.

“இதுக்குப் பேரு பிசினோசிஸ்” என்றார்.

எங்கள் யாருக்கும் அது பிடிபடவில்லை. அப்பா இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். டாக்டரம்மா நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கோயம்புத்தூரில் படிக்கும்போது மில்காரர்கள் நிறையப் பேரை இதோடு பார்த்திருப்பதாகச் சொன்னார். பஞ்சுத்தூசி நெஞ்சுக்குள் போய்ப் போய் வருகிறது. வாரம் முழுக்கத் தூசியிலேயே நிற்கும்போது நெஞ்சு எப்படியோ பழகிக்கொள்கிறது. ஒரு நாள் நல்ல காற்று கிடைத்ததும் அந்தப் பழக்கம் விட்டுப்போகிறது. மறுநாள் தூசி போனால் தாங்கமாட்டேன் என்கிறது. அதனால்தான் திங்கட்கிழமை. லீவு அதிகமானால் அடியும் அதிகம். இப்படியே விட்டால் திங்கள் செவ்வாயாகும், புதனாகும், கடைசியில் எல்லா நாளும் ஆகிவிடும்.

அம்மா இழுத்தாற்போலக் கேட்டாள். “அப்ப, சாப்பாட்டுல எதுவும் சேர்ந்து…”

“சாப்பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா.”

அத்தை சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அம்மா பையைத் திறந்து தூக்குச்சட்டியை எடுத்தாள். “மதினி, காலையில இருந்து நீங்க ஒன்னும் சாப்பிடல” என்றாள். எலுமிச்சஞ்சோறு. அத்தை திரும்பிப் பார்த்தாள்.

“உன் கையால குடு. சாப்பிடுதேன்” என்றாள்.

அம்மா உருட்டிக் கையில் வைத்தாள். அத்தை ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

இதோடு என் பயம் தீர்ந்திருக்க வேண்டும். புதுசாக ஒன்று ஆரம்பித்தது. அந்தச் சொல் என்னிடம் மாட்டிக்கொண்டது. வீட்டில் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். அம்மா அதைப் பிசின் ஆக்கிவிட்டாள். நெஞ்சில் பிசின்மாதிரி சளி ஒட்டியிருக்கிறது என்று தெருவில் விளக்கமும் கொடுத்தாள். பக்கத்து வீட்டுக்காரம்மா, “பிசினோ கிசினோ, எனக்கென்னமோ நம்பிக்கையில்ல” என்றார். டாக்டரம்மா அத்தை தெருக்காரி, அத்தை சொல்லிக்கொடுத்ததைச் சொல்லியிருப்பாள் என்று அம்மாவின் காதில் விழுகிறமாதிரியே சொன்னார்.

எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. மறுநாள் இங்கிலீஷ் டீச்சரிடம் போய் அர்த்தம் கேட்டேன். அவரிடம் தடித்த அகராதி ஒன்று உண்டு. அதில் இல்லாத வார்த்தை உலகத்தில் கிடையாது என்று எங்களிடம் சொல்லுவார். பக்கங்களைப் புரட்டினார். விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். “அப்படி ஒன்னும் இல்லையே. பிசினஸ்னு சொல்லிருப்பாங்க, உனக்குத் தப்பாக் கேட்டுருக்கும்” என்று மூடிவிட்டார்.

நான் வகுப்புக்குப் போகாமல் குழாயடியில் நின்றேன். அகராதியில் இல்லையென்றால் அந்த வியாதி இல்லை. வியாதி இல்லையென்றால் டாக்டரம்மா சொன்னது பொய். அப்படியானால் அத்தை மறுபடியும் மருந்து வைத்தவளாகிவிடுவாள். இதை அம்மா தெரிந்துகொண்டால் என்ன ஆகும். பல நாள் இந்த ரகசியத்தை மடியில் கட்டிக்கொண்டு திரிந்தேன். அம்மா டீச்சரை வழியில் பார்த்து நின்று பேசினால் ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுப்பேன். டீச்சர் தேடிய இடம் தப்பு என்பது நான் வளர்ந்த பிறகு தெரிந்தது. நாம் காதால் கேட்டு எழுதுகிற எழுத்து அந்தச் சொல்லில் இல்லை. பி-க்கு அடுத்து ‘ஒய்’ போட்டு, byssinosis என்று ஒளிந்துகொண்டிருக்கிறது. மெல்லிய துணிக்குக் கிரேக்கர்கள் வைத்திருந்த பெயரிலிருந்து வந்ததாம். மூச்சை அடைக்கிற ஒரு வியாதிக்குப் பட்டுப்போன்ற துணியின் பெயரை வைக்க யாருக்கு மனசு வந்ததோ.

அப்பாவோ அந்தச் சொல்லைத் தைரியமாகத் தூக்கிக்கொண்டு மில்லுக்குப் போனார். தூசி இல்லாத இடத்துக்கு மாற்றிவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதைத்தான் கேட்கப் போனார். மில் டிஸ்பென்சரியில் இருந்த டாக்டர் நல்ல மாதிரி. அப்பாவை உட்காரச் சொல்லி, கதவைச் சாத்திவிட்டுப் பேசினாராம். அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னதை நான் அடுப்படியில் இருந்து கேட்டேன்.

“பிசினோசிஸ்னா மில்லு குடுத்த வியாதி. அதை இங்க யாரும் சொல்ல மாட்டாங்க, எழுதவும் மாட்டாங்கன்னு சொல்லிட்டாரு. ஆஸ்துமான்னா உடம்புல இருந்து வாரது. ஆஸ்துமான்னு நீ ஒத்துக்கிட்டா, பாவம் பாத்துப் பேக்கிங்ல போடச் சொல்லுதேங்காரு. இல்லேன்னா நீயே வீட்டுக்குப் போகவேண்டி வரும்னாரு.”

“நீங்க என்ன சொன்னிய?”

“ஆஸ்துமான்னுட்டேன்.”

அப்பா தணிந்த குரலில், “மில்லுக்குத்தான் ஆஸ்துமா. வீட்டுக்கு அந்தப் பேருதான்” என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டு, வெளியில் யார் கேட்டாலும் ஆஸ்துமா என்றே சொல்ல வேண்டும், அந்தப் பெயர் வாயில் வரவே கூடாது என்றார். ஒரு வியாதிக்கு எதற்கு இரண்டு பெயர் என்று எனக்குப் புரியவில்லை. அத்தைக்கு எந்தப் பெயர் நல்லது என்பதுதான் என் கவலை. ஆஸ்துமா சாப்பாட்டில் வருமா என்று கேட்டேன். வராது என்றார் அப்பா. அதற்கப்புறம் எனக்கு எந்தப் பெயரும் சம்மதமாகிவிட்டது.

பேக்கிங்குக்கு மாறிய பிறகு அப்பாவின் திங்கட்கிழமைகள் மெல்ல மெல்ல மற்ற நாட்களைப்போல ஆகின. படியேறினால் மூச்சு வாங்குவது மட்டும் கடைசிவரை இருந்தது. மூடிவைத்த பெயரோ எப்படியோ கசிந்துவிட்டது. கார்டிங்கில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக, வேறு ஏதோ வேலையாக வந்தவர்கள்போல வந்து உட்காருவார்கள். மழை, பஸ், ரேஷன் என்று பேசிவிட்டுக் கிளம்பும்போது குனிந்து அப்பாவிடம் அந்தப் பெயரைக் கேட்பார்கள். அவரும் தெருவைப் பார்த்துக்கொண்டே காதில் சொல்லுவார். அவர்கள் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போவார்கள். அது ஏதோ மந்திரம், சொன்னால் சரியாகிவிடும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மகாராஜபுரத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். இடுப்பில் பிள்ளை. நெற்றியில் பொட்டு இல்லை. அவள் புருஷன் அப்பாவோடு கார்டிங்கில் நின்றவர். நெஞ்சு அடைத்து வேலையை விட்டு ஊரோடு போய், போன வருஷம் இறந்துபோனவர். உட்காரச் சொன்னதற்கு அவள் உட்காரவில்லை.

“அண்ணே, அவியளுக்கும் திங்கக்கிழமைதான் வரும்” என்றாள். “பொறவு எல்லா நாளும் வந்துச்சு. எங்க மாமியாரு, நாந்தான் சோத்துல எதையோ வச்சு அவிய உசிரக் குடிச்சிட்டேன்னு ஊர் பூரா சொல்லுதாங்க. கஞ்சி காய்ச்சினா தொட மாட்டேங்காங்க. இந்தப் பிள்ளைக்கு நான் ஊட்டினாக்கூடப் புடுங்கிப் போடுதாங்க. அந்த வியாதிக்குப் பேரு இருக்காமே. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னியன்னா போதும்.”

ஊரில் நாலு பேர் முன்னால் சொன்னால் மில்லுக்குத் தெரியாமல் இருக்காது. பேக்கிங் வேலை போகலாம். அப்பா அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். இப்படிப்பட்ட காரியத்துக்கெல்லாம் முதலில் வேண்டாம் என்று சொல்கிறவள் அம்மா. அன்றைக்கு அவள் அந்தப் பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“போயிட்டு வாங்க” என்றாள். என்னை முன்னால் தள்ளிவிட்டாள். “இவளையும் கூட்டிட்டுப் போங்க. நீங்க மறந்தாலும் இவ சரியாச் சொல்லுவா.”

பஸ் மாறி நாங்கள் மகாராஜபுரம் போனபோது வெயில் சாய்ந்திருந்தது. அந்த மாமியார்க்காரி வீட்டுக்கு முன்னால் முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். மருமகளைக் கண்டதும் முறத்தைக் கீழே வைத்தாள். எங்களைப் பார்த்து அக்கம்பக்கத்தில் இருந்து சிலர் வந்து நின்றார்கள். எனக்கு இங்கிருந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. அப்பாவின் மூச்சு வேகமாக ஓடுவது பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. அன்றைக்குத் திங்கட்கிழமைகூட இல்லை.

“ஆத்தா, உம்ம மகனும் நானும் ஒரே மெஷின்ல நின்னவங்க” என்று ஆரம்பித்தார். “அவனுக்கு வந்ததுதான் எனக்கும் வந்துச்சு. நான் முந்தி ஒரு டாக்டரம்மாட்ட போனேன், பொழைச்சுக்கிட்டேன். அதுக்குப் பேரு பிசினோசிஸ்.”

“என்னது?”

அப்பா இன்னும் சத்தமாகச் சொன்னார். மில்லில் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேச வேண்டியிருந்த அந்தச் சொல் தெரு முனைவரைக்கும் கேட்டிருக்கும். “பஞ்சுத் தூசியில வாரது ஆத்தா. சோத்துல வாரதில்ல. என் வீட்டுலயும் சோத்துலதான்னு நெனைச்சோம். நெனைச்சவங்களுக்குத்தான் கடைசியில சங்கடம்.”

கிழவி அவரையே பார்த்தாள். “எம்மவன அந்த டாக்டரம்மா பாத்துச்சா?” என்று கேட்டாள்.

அப்பா மருமகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பாத்துச்சு” என்றார் அப்பா.

அந்த மனுஷர் இறந்த பிறகுதான் டாக்டரம்மா ஸ்ரீவில்லிபுத்தூருக்கே வந்தார். நான் வாயைத் திறக்கப்போனேன். அப்பாவின் கை என் தோளில் வந்து உட்கார்ந்தது. கிழவி முறத்தை எடுத்து மறுபடியும் புடைக்க ஆரம்பித்தாள். சிந்திய பயறு அவளுக்குத் தெரியவில்லை. கொஞ்சம் கழித்து, நிமிராமலே, “வந்தவுகளுக்குத் தண்ணி குடு” என்று மருமகளிடம் சொன்னாள். அவள் செம்பில் கொண்டுவந்தாள். நாங்கள் குடித்த பிறகு கிழவி கையை நீட்டினாள். மருமகள் செம்பை அவளிடம் கொடுத்தாள். கிழவி அண்ணாந்து குடித்தாள். சுற்றி நின்றவர்கள் கலைந்தார்கள்.

அந்தப் பெண் பஸ் நிறுத்தம் வரை எங்களோடு வந்தாள். என் பக்கத்தில் வந்து, “அந்தப் பேர இன்னொரு தடவ சொல்லு பாப்பா” என்றாள். நான் சொன்னேன். அவள் திருப்பிச் சொன்னாள். தப்பாக வந்தது. நான் திருத்தினேன். மறுபடியும் சொன்னாள், மறுபடியும் நாக்கு பிரண்டது. பஸ் வெளிச்சம் தெரிந்த பிறகும் என் கையை விடாமல், ஒவ்வொரு எழுத்தாக வாங்கி வாங்கிச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருமுறை முழுசாகச் சரியாக வந்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

ஜன்னல் ஓரம் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தபோதும் அவள் அங்கேயே நின்று உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவிடம் ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நாளைக்கு மில்லில் கேட்பார்களா, வேலை போய்விடுமா என்று ஒரு பக்கம் பயந்துகொண்டே வந்தேன். ஆனால் அதைவிட என்னைக் குடைந்தது வேறொன்று. செத்துப்போனவருக்கு இனிமேல் யாரும் வைத்தியம் பார்க்கப்போவதில்லை. அப்படியிருக்க, அந்தப் பெண் எதற்காக இவ்வளவு பாடுபட்டு அந்தப் பெயரைப் பிழையில்லாமல் படித்துக்கொண்டாள் என்று ஊர் வந்து சேரும்வரை யோசித்தும் எனக்கு விளங்கவில்லை.